ஞாயிறு இரவு எழுதப்படும் நோட்டு

கேள்வி: நான் கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி. முடித்தவன். வயது 37. ஹைதராபாத்தில் ஒரு கான்ட்ராக்ட் ரிசர்ச் கம்பெனியில் மெடிசினல் கெமிஸ்டாகப் பதினோரு வருடமாக இருக்கிறேன். வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்காகப் புது மூலக்கூறுகளை வடிவமைத்துச் செய்து கொடுப்பது வேலை. நூற்றுக்கணக்கில் செய்தாயிற்று, ஒன்றுகூட மருந்தாகவில்லை. ஒன்றரை வருடம் உழைத்த புராஜெக்டை, ஹெர்க் பிரச்சினை (இதயத் துடிப்பைக் குலைக்கும் அபாயம்) என்று போன மாதம் நிறுத்திவிட்டார்கள். "உன் கையால ஒரு மாத்திரையாவது வந்திருக்கா?" என்று திருநெல்வேலியிலிருந்து அப்பா கேட்கிறார். ஊர்ப் பக்கம் ஒரு எஞ்சினியரிங் கல்லூரியில் வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கோ மூச்சு விட நேரமில்லை. லேபில் துண்டுச் சீட்டில் குறித்ததை ஞாயிறு இரவு நான் சொல்லச் சொல்ல மனைவிதான் என் ஈ.எல்.என்.னில் (கம்பெனியின் மின்னணு லேப் நோட்டு) ஏற்றுகிறாள். அவளும் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்பதால் சிரமமில்லை. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, மருந்து வரவில்லை என்ற துக்கத்தை அப்புறம் பார்ப்போம். மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை வந்த மூலக்கூறுகளிலேயே பத்துக்கு ஒன்பது தோற்றுப்போகின்றன. நீங்கள் நிற்பது அதற்கும் பல படி கீழே. ஒரு மருந்தையும் பார்க்காமலே ஓய்வு பெறுகிற கெமிஸ்ட்டுகள் உங்கள் துறையில் ஏராளம். பதினோரு வருடம் கழித்து இதை யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் பிடித்துக்கொள்வது அந்த ஞாயிறு இரவை. சிரமமில்லை என்கிறீர்கள். யாருக்கு?

முதலில் உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். சாதாரண அமைடு இணைப்பு ஒன்று: ஆசிட் ஒரு ஈக்விவலன்ட் (மூலக்கூறு எண்ணிக்கையில் ஒரு பங்கு), அமீன் 1.1, இரண்டையும் இணைக்க உதவும் ஹாட்டு 1.2, பேஸாக டி.ஐ.பி.இ.ஏ. 3, டி.எம்.எஃப். கரைப்பானில் அறை வெப்பம். ஆசிட்டையும் ஹாட்டுவையும் பேஸோடு சில நிமிடம் கலக்கிவிட்டு, அதன் பிறகு அமீனைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் ஹாட்டு அமீனையே பிடித்துக் குவானிடின் என்ற வேண்டாத பொருளாக்கிவிடும். மூலக்கூறின் எடையைக் காட்டும் எல்.சி.எம்.எஸ்.ஸில் அமீனின் எடைக்கு மேல் 98 கூடுதலாக ஒரு உச்சி தெரியும். செவ்வாய்க்கிழமை எந்த வரிசையில் சேர்த்தீர்கள் என்பது ஞாயிறு இரவு உங்களுக்கு நினைவிருக்குமா? இருக்காது. வழக்கமான வரிசையைச் சொல்வீர்கள், உங்கள் மனைவி அதை ஏற்றுவார். இரண்டு மாதம் கழித்து உங்கள் பக்கத்தைப் பார்த்து அதையே திரும்பச் செய்கிற ஜூனியருக்கு உங்கள் யீல்டு (கிடைத்த பொருளின் அளவு) வராது. திட்டு அவனுக்கு விழும்.

இன்னொன்று. பிரெப் எச்.பி.எல்.சி. என்ற சுத்திகரிப்புக் கருவியில் டி.எஃப்.ஏ. அமிலம் ஓட்டி எடுத்த அமீன், அந்த அமிலத்தின் உப்பாகத்தான் வெளியே வரும். மூலக்கூறு எடை 400 என்றால் உப்போடு 514. சீட்டில் உப்பு என்று குறிக்கத் தவறினால், அதை 10 மில்லிமோலார் செறிவு என்று நினைத்து டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைப்பார்கள். உள்ளே இருப்பது 7.8தான். இதுகூடப் போகட்டும், அஸ்ஸேயின் (மூலக்கூறின் வீரியத்தை அளக்கும் சோதனை) ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும். நைட்ரோ தொகுதியை அமீனாக மாற்றத் துத்தநாகம் போட்டதை எழுதாமல் விட்டீர்கள் என்றால் மறையாது. மிச்சமிருக்கும் துத்தநாகமே பல என்சைம்களை மைக்ரோமோலார் அளவில் அடக்கும், ஒன்றுமில்லாத மூலக்கூறு வேலை செய்வதாகத் தோன்றும். அதன் பின்னால் ஒரு சீரிஸே செய்து முடிப்பீர்கள். நோட்டுப் பக்கத்தில் 'துத்தநாகம்' என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால், யாராவது துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்துத் திரும்பச் சோதித்து ஒரே நாளில் குட்டை உடைத்திருப்பார்.

தோற்றவற்றை எழுதுகிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். துண்டுச் சீட்டில் எழுதுபவர்கள் தோற்றதைக் கசக்கிப் போடுவார்கள். வயிற்றுப் புண் மருந்தான சிமெடிடின் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் ஸ்மித் கிளைன் அண்ட் பிரெஞ்ச் கம்பெனியில் ஜேம்ஸ் பிளாக் குழு 1964இல் தொடங்கியது. நான்கு வருடம், ஏறக்குறைய இருநூறு மூலக்கூறுகள், வயிற்று அமிலத்தைத் தடுப்பதாக ஒன்றுமில்லை. பிறகு சோதனை முறையைத் திருத்தி, தொடக்கத்தில் செய்து ஒதுக்கியிருந்த குவானைல்ஹிஸ்டமினைத் திரும்பப் பார்த்தார்கள். அது அமிலச் சுரப்பை அரைகுறையாகத் தூண்டவும் செய்கிறது, அரைகுறையாகத் தடுக்கவும் செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்து புரிமமைடு, வெள்ளணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்ட மெட்டியமைடு, கடைசியில் 1976இல் சிமெடிடின். ஒதுக்கியதைப் பற்றிய பதிவு இருந்தால்தான் இப்படித் திரும்ப எடுக்க முடியும். நின்றுபோன உங்கள் புராஜெக்டில் எந்த மூலக்கூறில் பேசிசிட்டி (காரத்தன்மை) குறைந்தபோது ஹெர்க் தளர்ந்தது என்று நாளை யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட நம்பகமான பக்கம் இருக்கிறதா? டெர்பெனடின் என்ற அலர்ஜி மருந்து இதே ஹெர்க்கால் இதயத் துடிப்பைக் குலைத்துச் சந்தையிலிருந்து வெளியேறியது. உடல் அதை மாற்றி உண்டாக்கும் கார்பாக்ஸிலிக் ஆசிட்தான் பெக்ஸோபெனடின், அது இன்றும் கடையில் விற்கிறது. ஹெர்க் என்றதும் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை, தகவல் சரியாக இருக்கும் பட்சத்தில்.

அமெரிக்கா 2013 மார்ச் 16 முதல், 'முதலில் கண்டுபிடித்தவருக்கு' என்பதை விட்டு 'முதலில் விண்ணப்பித்தவருக்கே பேடன்ட்' என்று மாறியது, இனி நோட்டின் தேதிக்கு என்ன மதிப்பு என்று லேபில் பேசுவார்கள். யார் கண்டுபிடித்தார் என்ற தகராறு வந்தால் இன்றும் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். உங்கள் பாஸ்வேர்டில், உங்கள் வீட்டில், கம்பெனி ஆளல்லாத ஒருவர் ஏற்றிய நோட்டு! வாடிக்கையாளரின் ரகசிய ஸ்ட்ரக்சர்களை அவர் திரையில் பார்த்திருக்கிறார். விஷயம் வெளியே வந்தால் உங்கள் வேலை போகும். அவர் எந்தத் தவறும் செய்யாமலே விசாரணையில் அவர் பெயரும் வரும். கட்டிய மனைவியை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நேரமில்லை என்று காரணம் சொல்கிறீர்கள்.

எம்.எஸ்ஸி. படித்த பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் கிடைக்கும் கெமிஸ்ட்ரி, புருஷன் சொல்வதை டைப் அடிப்பது. அவர் வேலைக்குப் போகிறாரா, போக விரும்புகிறாரா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அப்பாவின் மனவருத்தத்துக்கு இரண்டு வரி இருக்கிறது. பெற்றவர் பேச்சுக்கு மரியாதை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கூட வாழ்பவரின் படிப்பைச் சம்பளமில்லாக் குமாஸ்தா வேலையாக்கிவிட்டு அப்பாவுக்கு நல்ல பிள்ளையாக இருப்பதைக் கடமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். மெமோ வந்தால் வரட்டும். பழைய பக்கங்களைத் திருத்தாதீர்கள், தேதியைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். நினைவிலிருந்து எழுதியவை எவை என்று இன்றைய தேதியிட்டுத் தனிக் குறிப்புச் சேருங்கள். துண்டுச் சீட்டுகள் மிச்சமிருந்தால் ஸ்கேன் செய்து இணையுங்கள். இனிமேல் பக்கம் திறக்காமல் பிளாஸ்கை எடுக்கக் கூடாது. ஸ்கீம், ஈக்விவலன்ட் அட்டவணை, லாட் எண் எல்லாம் முன்பே ஏறட்டும். தராசில் காட்டிய எடை, திட்டமிட்ட எடை அல்ல, அப்போதே ஏறட்டும். ரியாக்ஷன் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் டி.எல்.சி. தட்டைப் படமெடுத்து, சால்வென்ட் விகிதத்தோடு இணையுங்கள். தோற்றால் எல்.சி.எம்.எஸ்.ஸில் என்னென்ன எடை தெரிந்தது என்று இரண்டு வரி. ஆறு ரியாக்ஷன் ஓட்டுமிடத்தில் நான்குதான் முடிகிறது என்றால் நான்கு ஓட்டுங்கள்.

கல்லூரி வேலை: எஞ்சினியரிங் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பெரும்பாலும் முதல் வருடப் பாடம். தண்ணீரின் கடினத்தன்மை, துருப்பிடித்தல், பாலிமர், இ.டி.டி.ஏ. டைட்ரேஷன். மரியாதையான வேலைதான், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பிடிக்குமென்றால் போங்கள். அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போகாதீர்கள். ஒரு மருந்து வரப் பத்துப் பன்னிரண்டு வருடமாகும், நூற்றுக்கணக்கானவர் கை அதில் இருக்கும் என்று உட்கார்ந்து விளக்கினால் அவருக்குப் புரியும். ஒருமுறையாவது விளக்கினீர்களா?

மனைவியிடம் என்ன செய்ய ஆசை என்று கேளுங்கள். ஹைதராபாத்தில் ரெகுலேட்டரி, பேடன்ட் தேடல், அனலிட்டிகல் டாகுமென்ட் வேலைகளுக்குக் கெமிஸ்ட்ரி தெரிந்தவர் வேண்டியிருக்கிறது. பேடன்ட் ஏஜென்ட் தேர்வுக்கு அறிவியல் பட்டமும் 21 வயதும் இந்தியக் குடியுரிமையும் போதும். அது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நடப்பதில்லை, எனவே அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். படிக்க அவருக்கு ஞாயிறு இரவு தேவைப்படும். எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.