மாலத்தீவுக்கு விசா வேண்டாம் என்றால், வேறு என்ன வேண்டும்?

கேள்வி: நாங்கள் மதுரைக்காரர்கள். நானும் கணவரும், மாமியார், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், கல்லூரியில் படிக்கும் என் தம்பி என ஐந்து பேர் அடுத்த மாதம் மாலத்தீவு போகிறோம். மாஃபுஷி தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நான்கு இரவு தங்குவோம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்கிறார்கள். ஆனால் எங்கள் ஏஜென்ட் 'இமுகா பதிவு' என்று தலைக்கு 2,000 ரூபாய் கேட்கிறார். மாமியாரின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை), காலாவதியாக மூன்று மாதம்தான் இருக்கிறது. எங்கே போனாலும் சின்னப் பிள்ளையார் விக்கிரகத்தைக் கையோடு எடுத்துப்போவார். இதிலெல்லாம் சிக்கல் வருமா?

பதில்: முதலில் அந்தப் பத்தாயிரம் ரூபாயைக் கொடுக்காதீர்கள். இமுகா என்பது மாலத்தீவு குடிவரவுத் துறையின் இணையதளம். பயணிகள் தங்கள் விவரங்களை அதில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன்பே செய்ய முடியாது. பாஸ்போர்ட் விவரம், புகைப்படம், விமான எண், தங்கும் இடம், இவை தயாராக இருந்தால் ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். முடித்ததும் ஒரு க்யூ.ஆர். குறியீடு வரும். அதை போனில் சேமித்துக்கொண்டு, ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். செக்-இன் கவுன்டரிலேயே கேட்பார்கள். மகளுக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தேடும்போது, அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் தளங்களும் வரும். முகவரியின் முடிவில் மாலத்தீவு அரசின் அடையாளமான .gov.mv இருக்கிறதா என்று பார்த்த பிறகே விவரங்களைக் கொடுங்கள்.

இப்போது விசா. மாலத்தீவு சுற்றுலாப் பயணிகளிடம் பொதுவாக முன்கூட்டியே விசா கேட்பதில்லை. மற்ற பெரும்பாலான நாட்டவர்களுக்கு வந்திறங்கியதும் 30 நாள் அனுமதி. இந்தியர்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி 2019 முதல் 90 நாள் வரை. ஆனால் விசா வேண்டாம் என்பதை நிபந்தனையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தூதரகத்தில் நடக்க வேண்டிய பரிசோதனை அங்கே மாலே விமான நிலையக் கவுன்டரில் நடக்கிறது. எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். உறுதியான அறை முன்பதிவு, ரிட்டர்ன் டிக்கெட், கார்டோ டாலரோ, இவை கையில் இருந்தால் கேள்வி அநேகமாக ஒன்றிரண்டோடு முடிந்துவிடும். உங்கள் விமானம் சாயங்காலத்துக்குப் பிறகு இறங்கி, அன்றைக்கே மாஃபுஷிக்குப் படகு கிடைக்காமல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலே தீவில் தங்க நேர்ந்தால், அந்த ஒரு இரவின் முன்பதிவையும் வைத்திருங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். ஈ.சி.ஆர். பற்றிக் கவலையே வேண்டாம். அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக வைத்த முறை. அந்தப் பட்டியலில் மாலத்தீவு இல்லை. அதோடு அவர் போவது சுற்றுலாவுக்கு. காலாவதி விஷயம் வேறு. மாலத்தீவு கேட்பது குறைந்தது ஒரு மாதச் செல்லுபடி. அந்தக் கணக்கில் அவருக்குத் தடையில்லை. ஆனால் மதுரையிலிருந்து பலர் கொழும்பு வழியாகப் போகிறார்கள். வழியில் ஒரு நாள் இறங்கி ஊரைப் பார்க்கலாம் என்று நினைத்தால் இலங்கையின் விதி வந்துவிடும்: பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் இருக்க வேண்டும், இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். எப்படியும் புதுப்பிக்கத்தானே போகிறார், தத்காலில் இப்போதே புதுப்பித்துவிடுவது நல்லது. புது எண் வந்தபின் டிக்கெட்டில் பழைய எண் நின்றுவிடாமல் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, நம்மூர்க்காரர்களுக்கே உரிய ஒரு தலைவலி: இனிஷியல். டிக்கெட்டில் 'கே. மீனாட்சி', பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். அல்லது அந்த இடமே காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரிகள் அம்புக்குறி போன்ற குறிகளோடு அச்சாகியிருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் இருக்கிறதோ, இமுகாவிலும் அதையே கொடுங்கள். டிக்கெட்டும் அதோடு ஒத்துப்போக வேண்டும். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். ஆதார் அங்கே செல்லாது. மகளுக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட்டின் ஆயுள் ஐந்து வருடம்தான் என்பதால் அதன் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

பிள்ளையார் விஷயத்தை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாலத்தீவில் இஸ்லாம் அரசு மதம். வழிபாட்டுக்கான விக்கிரகங்களை உள்ளே கொண்டுவர அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. சிறியதா பெரியதா என்ற பேச்சே இல்லை, பெட்டியை ஸ்கேன் செய்யும்போது எடுத்துவைத்துவிடுவார்கள். வருடக்கணக்காகப் பூஜித்த விக்கிரகத்தைச் சுங்கத்தில் விட்டுவிட்டு வரும் வேதனை அவருக்கு வேண்டாம். நான்கு நாள் அது வீட்டுப் பூஜையறையிலேயே இருக்கட்டும். மதுவும் பன்றி இறைச்சியும் அதே பட்டியலில்தான். விமான நிலைய டூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலுக்கும் விலக்கில்லை. மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனையும் கிடையாது.

தம்பியிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 2024 டிசம்பரிலிருந்து மாலத்தீவில் வேப் (மின்சிகரெட்) வைத்திருப்பதே குற்றம். 2025 நவம்பர் 1 முதல், 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் சிகரெட் வாங்கவும் புகைக்கவும் தடை. இரண்டும் சுற்றுலாப் பயணிகளுக்கும் பொருந்தும். கல்லூரி மாணவர் என்கிறீர்கள், பிறந்த வருடத்தைப் பாருங்கள்.

மாமியாருக்கு மருந்துகள் இருந்தால் டாக்டரின் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துப்போகட்டும். தூக்க மாத்திரையும் கடுமையான வலி மாத்திரையும் இருந்தால் இது மிக அவசியம். போதைப்பொருள் சட்டம் அங்கே கடுமையானது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று அந்த நோய் பரவும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

செலவுக் கணக்கில் பலர் விட்டுவிடுவது பசுமை வரி. 2025 ஜனவரி முதல் அது இரட்டிப்பாகிவிட்டது: ரிசார்ட்டில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், மக்கள் வாழும் தீவுகளில் உள்ள சிறிய கெஸ்ட் ஹவுஸ்களில் 6 டாலர். உங்கள் ஐந்து பேருக்கு நான்கு இரவுக்கு 120 டாலர். அறை வாடகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாட்டைவிட்டுக் கிளம்பும் வரி பெரும்பாலும் டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடும்.

திரும்பும்போதும் இமுகா உண்டு. பலர் மறப்பது இதைத்தான். கிளம்பும் விமானத்துக்கும் 96 மணி நேரத்துக்குள் தனிப் பதிவு வேண்டும், அதுவும் இலவசமே. கெஸ்ட் ஹவுஸ் வைஃபையில் முந்தின இரவே முடித்துவிடுங்கள். மகள் கடற்கரையில் பவளத் துண்டு எதையாவது எடுத்துப் பையில் போட்டிருந்தால், பெட்டி கட்டும் முன் அதை எடுத்துக் கடலிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். பவளத்தையும் ஆமையோட்டையும் வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது.