கையடக்க கேம் கன்சோல்: போர்டை மாற்றும் முன் பேட்டரிப் பக்கம் பாருங்கள்

கேள்வி: மகனுக்காகப் பழைய கேம்கள் ஆடும் சின்ன கன்சோல் ஒன்றை வீட்டிலேயே செய்கிறேன். ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்ன கணினி போர்டு, 2.8 இன்ச் எஸ்பிஐ திரை (சில வயர்களிலேயே படத்தை வரிசையாக வாங்கும் திரை), ஒரு 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் செல்), டிபி4056 சார்ஜிங் போர்டு, பேட்டரி வோல்ட்டை 5 வோல்ட்டுக்கு உயர்த்த எம்டி3608 பூஸ்டர். மெனு வரை ஒழுங்காக வருகிறது. கேம் தொடங்கி சத்தத்தைக் கூட்டினால் அணைந்து மறுபடி பூட் ஆகிறது. கடையில் ‘பை போர்டு போய்விட்டது’ என்கிறார்கள். புதிதாக வாங்கிவிடவா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, 5 வோல்ட் 2.5 ஆம்ப் தரும் நல்ல அடாப்டரை நேராக போர்டில் செருகி ஒரு மணி நேரம் ஆடவிடுங்கள். அணையாமல் ஓடினால் போர்டு நலமாகத்தான் இருக்கிறது. பேட்டரியிலிருந்து போர்டு வரை வரும் வழியில்தான் கோளாறு.

அடுத்து பேட்டரியை மாட்டி, மல்டிமீட்டர் முனைகளை போர்டின் 5 வோல்ட் பின்னிலும் கிரவுண்டிலும் வையுங்கள். பூஸ்டரின் வாயில் அளந்தால் போதாது, போர்டிலேயே அளக்க வேண்டும். சத்தம் கூடும்போது 5.1-இலிருந்து 4.6-க்கு இறங்குகிறதா பாருங்கள். பெரிய பை போர்டுகள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் ‘மின்சாரம் போதவில்லை’ என்று எச்சரிக்கும். டிவியில் மாட்டினால் மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். உங்கள் ஜீரோ வகையில் அந்த வசதி இல்லை, அதனால் மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

ஏன் இறங்குகிறது? சத்தம் கூடும் கணத்தில் கன்சோல் 5 வோல்ட்டில் 1 ஆம்ப் கேட்டால் அது 5 வாட். பூஸ்டரில் வீணாவதையும் சேர்த்தால், 3.5 வோல்ட்டில் இருக்கும் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 1.7 ஆம்ப் இழுக்க வேண்டும். மயிர்போல மெல்லிய ஜம்பர் வயர், பாதி பிடித்த சால்டர், சின்ன ஸ்லைடு சுவிட்ச் மூன்றும் சேர்ந்து 0.2 ஓம் மின்தடை வந்தாலே வழியிலேயே 0.34 வோல்ட் போய்விடும். நானும் முதல் கன்சோலில் ஒரு வாரம் சாஃப்ட்வேரைக் குடைந்தேன். கடைசியில் இரண்டு வயரைத் தடிமனாக மாற்றியதும் சரியானது. அதனால் முதலில் வயரை மாற்றுங்கள், செலவு சொற்பம்.

அப்படியும் தீரவில்லை என்றால் பூஸ்டரை மாற்றுங்கள். எம்டி3608-இல் ‘2 ஆம்ப்’ என்று போட்டிருந்தாலும், ஒற்றை பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்கும்போது தொடர்ந்து 1 ஆம்ப் கேட்டாலே சூடேறித் திணறும். இதே பூஸ்டரை இன்னொன்று வாங்கினாலும், பை-யோடு சேர்க்கும் முன் அதிலுள்ள சின்னத் திருகைத் திருப்பி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து அளந்துவிடுங்கள். அது 28 வோல்ட் வரை ஏறக்கூடியது. அப்போதுதான் போர்டு உண்மையிலேயே போகும்.

டிபி4056 சார்ஜ் செய்ய நல்லதுதான், ஆனால் சார்ஜ் ஆகும்போதே ஆடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. பேட்டரிக்குப் போகும் கரண்டையே கன்சோலும் குடிப்பதால், எப்போது நிறைந்தது என்று அதற்குச் சரியாகப் புரியாது. பையன் கேபிளை மாட்டிக்கொண்டே ஆடுவான் என்றால், சார்ஜிங்கும் பூஸ்டும் சேர்ந்த, ‘லோட் ஷேரிங்’ (சார்ஜ் ஆகும்போதே கன்சோலுக்குத் தனியாக மின்சாரம் தரும் வசதி) உள்ள போர்டைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜிங்கும் பூஸ்டும் ஒன்றாக உள்ள ஐபி5306 போர்டுகள் மலிவு. ஆனால் சிலவற்றில் கேபிளைப் பிடுங்கும் கணத்தில் 5 வோல்ட் அறுந்து பை ரீபூட் ஆகிறது. முடிந்தால் கடையிலேயே பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘9900 எம்ஏஎச்’ (பேட்டரியின் கொள்ளளவு) என்று எழுதிய 18650 மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நல்ல 18650-இல் 3500 எம்ஏஎச் வந்தாலே அதிகம். கையில் எடுத்துப் பாருங்கள்: நல்ல செல் சுமார் 45 கிராம் கனக்கும், போலி லேசாக இருக்கும். உண்மையான 2600 எம்ஏஎச் செல்லே போதும், கன்சோல் சராசரியாக 2.5 வாட் எடுத்தால் மூன்று மணி நேரம் வரும். செல் மேல் நேராக சால்டர் வைக்காதீர்கள், சூட்டில் உள்ளே கெட்டுவிடும். ஹோல்டரில் போடுங்கள், இல்லையென்றால் நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டு செய்ததாக வாங்குங்கள்.

கேள்வி: ஓடும் காட்சிகளில் படம் விட்டுவிட்டுத் தெரிகிறது. இதுவும் மின்சாரக் கோளாறா?

பதில்: இல்லை, அது திரையின் வேகம். 320×240 திரையில் ஒரு முழுப் படத்துக்குச் சுமார் 12.3 லட்சம் பிட். எஸ்பிஐ 32 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு 26 முழுப் படம்தான் போகும், பழைய கேம்களோ 60 கேட்கும். மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்பும் டிரைவர் (திரையை இயக்கும் சாஃப்ட்வேர்) போட்டால் பெருமளவு சரியாகும். அதை முதலில் முயன்று பாருங்கள், திரைக்குச் செலவழிப்பதைப் பிறகு யோசிக்கலாம்.