இயேசுவைப் பற்றிப் படம்: ஸ்கிரிப்டை முன்கூட்டியே காட்டலாமா?

கேள்வி: இயேசுவின் கடைசி நாள்களை யூதாசின் பார்வையில் சொல்லும் 40 நிமிடப் படத்துக்குத் திரைக்கதை எழுதி வைத்திருக்கிறேன். பைபிளில் இல்லாத காட்சிகள் சில உண்டு. பணம் போட ஒப்புக்கொண்டவர் இப்போது தயங்குகிறார். முதலில் பங்குத்தந்தையிடமும் பங்குப்பேரவையிலும் ஸ்கிரிப்டைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடலாமா? 'இது கற்பனை' என்று கார்டு போட்டால் போதுமா?

பதில்: ஸ்கிரிப்டைக் கையில் கொடுக்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், சந்தேகம் கேளுங்கள், சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் வாங்குவது வேறு விஷயம். கார்டு கட்டாயம் போடுங்கள், ஆனால் அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். பணம் போடுபவரின் பயத்துக்கு மருந்து பட்ஜெட்டில்தான் இருக்கிறது.

இந்த மூன்றையும் ஒரே படம் பட்டுத் தெரிந்துகொண்டது. மார்ட்டின் ஸ்கோர்செசி 1988-ல் வெளியிட்ட 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்'. மூலக்கதை கிரேக்க எழுத்தாளர் நிகோஸ் கசான்ட்சாகிஸின் நாவல். வத்திக்கான் 1954-லேயே தடை நூல் பட்டியலில் சேர்த்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு, இறங்கி வந்து கல்யாணம், பிள்ளைகுட்டி என்று வாழ்ந்து முதுமையடையும் ஒரு வாழ்க்கை சோதனையாகக் காட்டப்படுகிறது. கடைசியில் அதை உதறிவிட்டுச் சிலுவைக்கே திரும்புகிறார். படத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் பேசியதெல்லாம் கல்யாணத்தைப் பற்றித்தான். திரும்பி வந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.

எடுத்தவர் நாத்திகரும் அல்ல. பாதிரியாராக வேண்டும் என்று சிறுவயதில் குருமடப் பள்ளியில் சேர்ந்தவர் ஸ்கோர்செசி. நாவலை அவருக்கு 1972-ல் கொடுத்தவர் நடிகை பார்பரா ஹெர்ஷி. பின்னாளில் மகதலா மரியாவாக நடித்தவரும் அவர்தான்.

முதலில் பணத்தைப் பார்ப்போம், உங்கள் சிக்கல் அங்கேதான். 1983-ல் பாரமவுண்ட் நிறுவனம் இந்தப் படத்தை எடுக்க முன்வந்தது. ஏடன் குவின் இயேசு, இஸ்ரேலில் ஷூட்டிங். பட்ஜெட் ஏறத்தாழ 1.4 கோடி டாலரைத் தொட்டது. அதற்குள் எதிர்ப்புக் கடிதங்கள் குவியத் தொடங்கின. திரையிட மாட்டோம் என்று ஒரு பெரிய தியேட்டர் நிறுவனமும் சொல்லிவிட்டது. ஷூட்டிங் தொடங்கவிருந்த நேரத்தில், அந்த ஆண்டின் கடைசியில் பாரமவுண்ட் கையை விரித்தது. கடிதங்கள்தான் படத்தைக் கொன்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதமும் பட்ஜெட்டும் சேர்ந்துதான் கொன்றன. அவ்வளவு பணம் போட்டவருக்கு ஒரு தியேட்டர் வரிசை போனாலும் கணக்கு இடிக்கும்.

1987-ல் அதே படம் யுனிவர்சல் நிறுவனத்தில் மீண்டும் தொடங்கியபோது செலவு சுமார் 70 லட்சம் டாலர், கிட்டத்தட்டப் பாதி. இஸ்ரேலுக்குப் பதில் மொராக்கோ. செலவில் பங்கேற்றது சினிப்ளெக்ஸ் ஓடியன். அது தியேட்டர்களைச் சொந்தமாக வைத்திருந்த நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். படம் எங்கே ஓடும் என்ற கேள்விக்குப் பதில், முதலீட்டோடு சேர்ந்தே வந்துவிட்டது. உங்கள் ஆளிடமும் இதையே பேசுங்கள். கையை விட்டுப் போனாலும் அவர் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு என்று கேட்டு, அதற்குள் படத்தை மறுபடி எழுதுங்கள்.

செலவைக் குறைத்தால் படம் சோடையாகும் என்ற பயம் வேண்டாம். மராக்கேஷ் பக்கம் ஊம்னாஸ்ட் என்ற மண்வீட்டுக் கிராமத்தில் எடுத்த காட்சிகளில் புழுதியும் வெயிலும் அப்படியே தெரியும், செட்டில் கிடைக்காத விஷயம். ரோமானிய ஆளுநர் பிலாத்து (நடித்தவர் டேவிட் பௌவி) இயேசுவை விசாரிப்பது அரியணை மண்டபத்தில் அல்ல, குதிரை லாயத்தில். அதிகாரிக்கு இது அன்றைய வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஆயிரம் துணை நடிகர்களை நிறுத்தியிருந்தாலும் அந்த அலட்சியம் வந்திருக்காது. சிலுவைக் காட்சிக்குத் தொல்லியல் தகவல்களைப் புரட்டியிருக்கிறார்கள். முழங்கால் பக்கவாட்டில் மடங்கி, ஆடையில்லாமல் தொங்குகிறார் இயேசுவாக நடித்த வில்லெம் டஃபோ. நாம் பார்த்துப் பழகிய படங்களில் வரும் நேரான உடல் இல்லை. 'எல்லாம் நிறைவேறிற்று' என்றதும் திரையில் வண்ணமும் வெள்ளையுமாக வெளிச்சம் வெடிக்குமே, அது கேமராவுக்குள் வெளிச்சம் கசிந்து ஃபிலிம் கெட்டதால் வந்தது. ஸ்கோர்செசி அதை வெட்டாமல் வைத்துக்கொண்டார். பீட்டர் கேப்ரியலின் இசையில் கேட்கும் இரட்டை வயலின், சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கருடையது. படத்தைப் பிடிக்காதவர்களும் இசையை மட்டுமாவது கேட்கலாம்.

சரி, ஸ்கிரிப்ட். இதில்தான் யுனிவர்சல் வசமாக மாட்டிக்கொண்டது. பால் ஷ்ரேடர் எழுதிய பழைய வரைவு ஒன்று வெளியே கசிந்து, எதிர்ப்பாளர்களிடையே நகலாகச் சுற்றியது. படத்தில் இல்லவே இல்லாத வரிகளை வைத்துக் கண்டனங்கள் எழுந்தன. காகிதத்தில் இருப்பது வெறும் வசனம். நடிகரின் முகமும் காட்சியின் மௌனமும் அதில் இருக்காது. படிப்பவர் அந்த இடத்தைத் தன் பயத்தால் நிரப்பிக்கொள்வார்.

கிறிஸ்தவ அமைப்புகளோடு பேசுவதற்கென்றே டிம் பென்லேண்ட் என்ற ஆலோசகரை யுனிவர்சல் வேலைக்கு வைத்தது. படத்தை வெளியீட்டுக்கு வெகு முன்பே தலைவர்களுக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தார்கள். அது தள்ளிப்போனது. ஜூனில் பென்லேண்ட் விலகி, எதிரணியில் சேர்ந்தார். ஜூலையில் நியூயார்க்கில் ஒருவழியாகப் போட்டுக் காட்டியபோது, முக்கியமான எதிர்ப்பாளர்கள் வரவே இல்லை. ஆகஸ்ட் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் யுனிவர்சல் வளாகத்தின் முன் சுமார் 25,000 பேர் திரண்டார்கள். செப்டம்பரில் வர வேண்டிய படத்தை அதற்கு அடுத்த நாளே வெளியிட்டார்கள். ஆக, பங்குத்தந்தையிடம் 'முதலில் உங்களுக்குத்தான் காட்டுவேன்' என்று சொல்வதாக இருந்தால் தேதி குறித்துச் சொல்லுங்கள், அந்தத் தேதியில் காட்டுங்கள். முடியாதென்றால் வாயைத் திறக்காதீர்கள்.

கார்டு விஷயம் சுருக்கமாக. இது நற்செய்தி நூல்களை அடிப்படையாகக் கொண்டதல்ல, கற்பனை என்று படம் தொடங்கும்போதே எழுத்தில் வரும். இருந்தும் அக்டோபரில் பாரிஸின் சாங்-மிஷேல் தியேட்டருக்குத் தீ வைத்தார்கள், பலர் காயமடைந்தார்கள். சிலி நாட்டில் விதித்த தடை தொடர்பான வழக்கு, 2001-ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் சிலிக்கு எதிராகத் தீர்ப்பளிக்கும்வரை இழுத்தது. உள்ளே வந்து உட்கார்ந்தவருக்குத்தான் கார்டு. வாசலில் நிற்பவர் அதைப் படிப்பதில்லை. நம் நாட்டில் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவையும் மனதில் வையுங்கள். உள்நோக்கத்தோடு, தீய எண்ணத்தோடு செய்ததா என்பதுதான் அங்கே கேள்வி. எதை எதற்காக மாற்றினீர்கள், எந்த நூலைப் பார்த்தீர்கள் என்ற குறிப்புகளைத் தேதியோடு வைத்திருந்தால் உங்கள் வக்கீலுக்குக் கைகொடுக்கும்.

கடைசியாக ஒப்பந்தம். பில் பிரைட் என்ற மத அமைப்புத் தலைவர், படத்துக்கு ஆன செலவைத் தந்துவிடுகிறோம், பிரதிகளை எங்களிடம் கொடுங்கள், அழித்துவிடுகிறோம் என்று யுனிவர்சலிடம் கேட்டார். நிறுவனம் மறுத்து, செய்தித்தாள்களில் விளம்பரமாகவே பதில் கொடுத்தது. உங்கள் தயாரிப்பாளரிடமும் யாராவது இப்படி வந்து நிற்கலாம், அவர் சரி என்றும் சொல்லிவிடலாம். அதனால் உங்கள் சம்மதம் இல்லாமல் படத்தை விற்கவோ அழிக்கவோ முடக்கவோ கூடாது என்று ஒரு வரி, ஃபுட்டேஜின் இன்னொரு பிரதி உங்களிடம் இருக்கும் என்று ஒரு வரி, இரண்டையும் ஷூட்டிங் தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி கையெழுத்து வாங்கிவிடுங்கள்.