முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளை வேலைக்குப் போவது கொத்தடிமையா?

“விருப்பப்பட்டுத்தானே போகிறார்கள், அதை எப்படிக் கொத்தடிமை என்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வேலூர்ப் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்விதான்.

முன்பணம் வாங்குவது மட்டும் கொத்தடிமை ஆகாது. அந்தக் கடனைக் காட்டி வேறு வேலைக்கோ, ஊருக்கோ போக விடாமல் தடுத்தால், அல்லது குறைந்தபட்சக் கூலிகூடத் தராவிட்டால், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அது குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. தாமாக வந்தார்கள் என்பது பதிலே இல்லை. பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைநீட்டி வாங்கியவருக்கு வேறு என்ன வழி இருந்தது? கணக்கு நோட்டும் முதலாளி கையில். வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசும் அதே கடனில் ஏறும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் பழங்குடிக் குடும்பங்களை மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? கலெக்டரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ (ஆர்டிஓ) மனு கொடுங்கள். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று அவர்கள் தரும் விடுதலைச் சான்றிதழைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கொத்தடிமைக் கடன் சட்டப்படியே ரத்து; ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. வடமாநிலத்திலிருந்து இங்கே வந்து உழைப்பவர்களுக்கும் இதே சட்டம்தான்.