ஆபீஸ் ரவுட்டர் வழியாக வெளியாள் நுழையாமல் தடுப்பது: கேள்வி பதில்

கேள்வி (ஆடிட்டர் ஆபீஸ், ஈரோடு): வீட்டிலிருந்து டாலி (கணக்கு மென்பொருள்) பார்க்க, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதிக்கான) 3389 போர்ட்டை ரவுட்டரில் சர்வருக்குத் திருப்பி வைத்திருக்கிறோம் சார். பாஸ்வேர்டு நீளமானதுதான். பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். இன்றே மூடுங்கள். போர்ட் என்பது எண்ணிட்ட ஒரு நுழைவாசல்; அப்படி ஒரு போர்ட்டை எடுத்துக்கொண்டு இணையத்தின் மொத்த ஐபிவி4 (பழைய வகை) முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-லேயே இசட்மேப் என்ற கருவியை வைத்துக் காட்டிவிட்டார்கள். உங்கள் ஆபீஸை யாரும் குறிவைக்க வேண்டியதில்லை, வரிசையில் உங்கள் முறை தானாக வரும். பாஸ்வேர்டைப் பற்றிச் சொன்னால், 2019-ல் ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டைக்கு பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. அது தாக்கியது விண்டோஸ் 7, சர்வர் 2008 போன்றவற்றை. உங்கள் டாலி சர்வர் எதில் ஓடுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ரவுட்டரிலேயே விபிஎன் வசதி (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை) இருக்கிறதா பாருங்கள். விபிஎன் வகைகளில் வயர்கார்டோ ஓப்பன்விபிஎன்னோ இருந்தால் போதும். பாதுகாப்பில்லாத பழைய வகையான பிபிடிபி மட்டும்தான் என்றால் ரவுட்டரை மாற்றுங்கள். எனக்கு வயர்கார்டுதான் பிடிக்கும்: சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. விபிஎன்னுக்குள் வந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கட்டும்.

கேள்வி (மறுபடியும் ஈரோடு): 3389-க்கு பதிலா 50123-ன்னு மாத்திட்டா ஆகாதா சார்? விபிஎன் எல்லாம் ஸ்டாஃபுக்குப் புரியாது.

பதில்: லாகில் (வருகைப் பதிவில்) தட்டிப் பார்ப்பவர்களின் கூட்டம் குறையும், அவ்வளவுதான். எந்த எண்ணில் இருந்தாலும், வரும் பதிலை வைத்தே அது ரிமோட் டெஸ்க்டாப் என்று ஸ்கேனர் கண்டுபிடித்துவிடும். விபிஎன்னுக்கு ஸ்டாஃப் செய்ய வேண்டியது, காலையில் ஒரு பட்டனை அழுத்துவது.

கேள்வி (ஜவுளிக் கடை, மதுரை): நான் எந்த போர்ட்டும் திறக்கலண்ணா. ஆனா கேமராவை போன்ல பார்க்க முடியுது. எப்படி?

பதில்: இரண்டு வழி உண்டு தம்பி. டிவிஆர் (கேமரா படத்தைப் பதியும் பெட்டி) தன் கம்பெனி சர்வரோடு தானே இணைப்பு வைத்திருக்கும், உங்கள் போனும் அங்கே போய்ச் சேரும். இல்லையென்றால் யுபிஎன்பி என்ற தானியங்கி வசதி: டிவிஆர் கேட்டதும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரவுட்டர் போர்ட்டைத் திறந்துவிடும். ரவுட்டர் பக்கத்தில் யுபிஎன்பி பட்டியலைப் பாருங்கள், பிறகு அதை ஆஃப் செய்யுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கம்பெனி வைத்த அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துத்தான். உங்களுடையதை மாற்றியாகிவிட்டதா? டிவிஆரை பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் வைக்காதீர்கள். தனி விலான் (நெட்வொர்க்கில் பிரித்துவைத்த பகுதி) போட முடிந்தால் நல்லது.

கேள்வி: வைஃபை பேரை மறைச்சு, மேக் ஃபில்டரும் (பட்டியல்ல இருக்கிற கருவிகளை மட்டும் விடுற வசதி) போட்டிருக்கேன். போதுமா?

பதில்: இணையம் வழியாக வருபவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்துக் கட்டடத்துக்காரனைக்கூட அது கொஞ்ச நேரம்தான் தாமதப்படுத்தும்.

கேள்வி (அச்சகம், திருநெல்வேலி): எங்க லைன்ல ஐபிவி6 (புது வகை இணைய முகவரி) வருது. அதுக்குத் தனியா ஏதாவது செய்யணுமா?

பதில்: நல்ல கேள்வி, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஐபிவி4-ல் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே பப்ளிக் ஐபிக்குப் (வெளியில் தெரியும் முகவரிக்குப்) பின்னால் இருப்பதால், அப்படி வைக்கும் நேட் என்ற ரவுட்டர் வசதி தற்செயலாக ஒரு மறைப்பைத் தருகிறது. ஐபிவி6-ல் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக பப்ளிக் முகவரி. ஆகவே வெளியிலிருந்து புதிதாகத் தொடங்கும் இணைப்புகளை மறுக்கும் ஃபயர்வால் விதி ஐபிவி6-க்கும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: எல்லாம் மூடியாச்சுன்னு எப்படி உறுதி பண்றது?

பதில்: ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்து பார்த்தால் தப்பான பதில் வரலாம். லேப்டாப்பை மொபைல் டேட்டாவில் இணைத்து, உங்கள் பப்ளிக் ஐபியை என்மேப் என்ற கருவியால் ஸ்கேன் செய்யுங்கள். ரவுட்டரின் லாகின் பக்கம் வெளியிலிருந்து தெரிந்தால் ரிமோட் மேனேஜ்மென்டை நிறுத்துங்கள்.

கேள்வி (சேலம்): எங்க ரவுட்டர்ல டிஎன்எஸ் (தளத்தோட பேரை முகவரியா மாத்தித் தர்ற சர்வர்) செட்டிங் தானா மாறியிருக்கு. ரீபூட் பண்ணினா போதுமா?

பதில்: போதாது. 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் சுமார் 5 லட்சம் கருவிகளில் புகுந்தபோது, ரீபூட் செய்தாலும் அதன் முதல் பகுதி அழியாமல் தங்கியது. லைனைக் கழற்றிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், புதிய ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள் மென்பொருளை) ஏற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதன்பிறகு லைனை மாட்டுங்கள். பழைய பேக்கப் செட்டிங்கைத் திரும்ப ஏற்ற வேண்டாம், பழைய ஓட்டைகளும் அதோடு வந்துவிடும். கையாலேயே புதிதாகப் போடுங்கள்.