டிவி ஷாப்பிங் பார்த்தால் தேவையில்லாததைக்கூட வாங்கத் தோன்றுவது ஏன்?

யோசிக்க நேரம் கொடுக்காததுதான் முக்கியக் காரணம். திரை மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடும். பக்கத்தில் மீதமுள்ள எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். பொருள் வேண்டுமா என்ற கேள்வி போய், கிடைக்குமா என்ற பதற்றம் வந்துவிடும். அப்புறம் விலை. முதலில் பெரிய தொகையைக் காட்டி, அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள்; அடுத்து வருவது எதுவானாலும் மலிவாகத் தெரியும்.

தொகுப்பாளரின் பேச்சையும் லேசாக எடைபோட முடியாது. 1977இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு வானொலி நிலையம், விளம்பர பாக்கிக்கு ஈடாக வந்த டின் ஓப்பனர்களை ஒலிபரப்பிலேயே விற்றுத் தீர்த்தது. படமே கிடையாது, வெறும் குரல்தான்! ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்ற டிவி ஷாப்பிங் சேனல் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

சரி, என்ன செய்யலாம்? போன் நம்பரைக் குறித்துக்கொண்டு டிவியை அணைத்துவிடுங்கள். மறுநாளும் வேண்டுமென்று தோன்றினால், வேறு இடத்தில் என்ன விலை என்று பார்த்துவிட்டுக் கூப்பிடலாம்.