அடித்த எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பக்கத்திலுள்ள பிரகாசமான நட்சத்திரங்களில் டெஸ் விண்கலம் கோள்களைத் தேடுவது பற்றிப் படித்தேன். கெப்ளர் விண்தொலைநோக்கி ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்துவிட்டதே, இது எதற்கு? அங்கெல்லாம் போகவா முடியும்? 1995-ல் மேயர், கெலோ என்ற வானியலாளர்கள் 51 பெகாசி நட்சத்திரத்தில் ஒரு கோளைப் பிடித்தார்களே, அந்த வாய்ப்பை, அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தேடிய கனடாக்காரர்கள் கோட்டைவிட்டார்களாம். என் மகளுக்கு எட்டு வயது. எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போக முடியாது. அதை விடுங்கள்.

கெப்ளர் பார்த்தவை பெரும்பாலும் தொலைவிலுள்ள மங்கலான நட்சத்திரங்கள். குறுக்கே ஒரு கோள் போனால் ஒளி குறைவது தெரியும், கோளின் எடை தெரியாது. எடை அறிய, கோள் இழுப்பதால் நட்சத்திரம் லேசாக அசைவதை அளக்க வேண்டும், அதற்கு நிறைய ஒளி வேண்டும். 60 ஒளியாண்டு தொலைவிலுள்ள பை மென்சே நட்சத்திரத்தில் டெஸ் 2018-ல் ஒரு கோளைக் கண்டதும், பழைய அசைவு அளவீடுகளை வைத்தே எடை போட்டுவிட்டார்கள்.

ஆனால் ‘கோட்டைவிட்டார்கள்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? சில நாட்களாக நான் அந்தக் கனடாக்காரர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேம்ப்பெல், வாக்கர், யாங். ஹவாயின் மௌனா கியா மலையில், ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய விஷவாயு அடைத்த குழாய் வழியே நட்சத்திர ஒளியைச் செலுத்தி, அந்த வாயு நிறமாலையில் பதிக்கும் கோடுகளையே அசைவை அளக்கும் அளவுகோலாக்கினார்கள். சூரியனைச் சுற்ற 12 வருடம் எடுக்கும் வியாழனைப் போன்ற ஒன்றைத்தான் தேடினார்கள். 51 பெகாசியில் இருந்ததுபோல் நான்கே நாளில் சுற்றும் வியாழனை அன்று பெரும்பாலானோர் எதிர்பார்க்கவில்லை.

1988-ல் காமா செஃபெய் என்ற நட்சத்திரம் அசைவதாக எழுதினார்கள். 1992-ல், அது நட்சத்திரத்தின் சொந்தச் சுழற்சியாக இருக்கலாம் என்று அவர்களே பின்வாங்கினார்கள். 2003-ல் அங்கே கோள் இருப்பது உறுதியானது. அதற்குள் கேம்ப்பெல், நிரந்தர வேலை கிடைக்காமல், வானியலையே விட்டுப் போயிருந்தார்.

என் அப்பா மாடியில் மழைமானி வைத்து தினமும் அளவெழுதுவார். ஒரு ஐப்பசியில் 14 சென்டிமீட்டர் என்று எழுதியதை மறுநாள் பென்சிலால் அடித்தார். ஓட்டுத் தண்ணீர் தெறித்து விழுந்திருக்குமோ என்று சந்தேகம். அந்த வருடத்தின் பெரிய மழையை இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று நாங்கள் சண்டை போட்டோம். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கோட்டுக்கு அடியில் எண்ணைப் படிக்க முடிகிறது. அழிக்கவில்லை, அடித்தார். காமா செஃபெய் அளவீடுகளும் அப்படித்தான் இருந்தன. கோட்டைவிட்டவர் வேலையா இது? இன்னொரு முறை அப்படி எழுதாதீர்கள்.

அப்புறம், தொலைநோக்கி இப்போது வேண்டாம். தை மாதம் இரவு எட்டு மணிக்கு மகளை மாடிக்குக் கூட்டிப் போங்கள். கிழக்கே அருகருகே இரண்டு நட்சத்திரங்கள், நம் புனர்பூசம். அதில் ஒன்று போலக்ஸ், 34 ஒளியாண்டு. அதன் அசைவையும் வாக்கர் குழு 1993-லேயே பதிந்து வைத்தது. காரணம் கோள்தான் என்று 2006-ல் தெரிந்தது. வியாழனைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. வலப்பக்கம் இருப்பதைக் காட்டுங்கள், கொஞ்சம் மஞ்சளாக இருக்கும்.